முப்பத்தேழாம் எண் குளம்பு

பட்டாள முகாம்
மார்ச் 4

அன்புள்ள ஆணிவாய்க்கு,

நான் உயிரோடும் கொழுப்போடும் இருக்கிறேன். கொழுப்பு உடம்பில் இல்லை, வாயில் மட்டும்தான். லாட ஆணிகளைக் கவ்விக்கொண்டே உலகத்தைத் திட்டுகிற உன் வாய் எப்படி இருக்கிறது? லாடம் அடித்தே தேய்ந்த அப்பாவின் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

இங்கே வந்த முதல் நாளே, நான் குதிரை டிராம் ஓட்டியவன் என்று சொன்னதும் எங்கள் அதிகாரி சிரித்தார். "தண்டவாளம் இல்லாம ஓட்டத் தெரியுமாடா?" என்றார். இப்போது எனக்கு ஆஸ்பத்திரி வண்டி. இரண்டு குதிரை. உள்ளே அடிபட்டவர்கள் மூன்று பேர் படுக்கலாம். ஓட்டுகிறவனுக்கு இருக்கை கிடையாது. இடதுபக்கக் குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்து, வலதுபக்கக் குதிரையைக் கடிவாளத்தில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஐந்து வருஷம் நின்றுகொண்டு மணியடித்தவனுக்கு இது புது வேலை. உட்காருகிற இடம் புண்ணாகிவிட்டது. சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குதிரைகள் மடிந்துகொண்டே இருக்கின்றன. ஊர் ஊராகப் போய் டிராம் கம்பெனிக் குதிரைகளை எடுத்துவரப் போகிறார்களாம். நம் லாயத்துக்கும் கட்டாயம் வருவார்கள்.

சீமாட்டியை மட்டும் விட்டுவிடாதே. அம்மா இறந்துபோன வருஷம் அந்தக் குதிரையிடம் தவிர நான் வேறு யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ என்ன செய்வாயோ, எப்படிச் செய்வாயோ எனக்குத் தெரியாது. நான் திரும்பி வரும்போது அவள் அந்த மூன்றாவது கொட்டடியில் நிற்க வேண்டும். மற்ற எதை வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும். அவளுக்கு ஜோடியாக ஓடுகிற முனகியைக்கூட.

அப்பாவிடம் சொல்லாதே. அவருடைய ஒழுங்குக்கு, குதிரையோடு உன்னையும் சேர்த்துப் பட்டாளத்தில் ஒப்படைத்துவிடுவார்.

உன் அண்ணன்,
டிராம்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் மார்ச் இருபத்தெட்டில் வந்தது. அவர்கள் ஏப்ரல் ஒன்பதில் வந்தார்கள். எனக்குக் கிடைத்த அவகாசம் பன்னிரண்டு நாள்.

லாயத்து முற்றத்தில் மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கம்பெனியின் குதிரைப் புத்தகம் அவர்கள் முன்னால் விரித்திருந்தது. ஒவ்வொரு குதிரையாக நடத்திப் போக வேண்டும். ஒருவன் குனிந்து இடது முன்னங்குளம்பில் சுட்டிருக்கும் எண்ணை உரக்கப் படிப்பான். இன்னொருவன் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடி வயது, உயரம், பல், கண் என்று வாசிப்பான். குதிரை டாக்டர் தலையை ஆட்டுவார். அறுபது குதிரைகளை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். டாக்டர் பாதிக் குதிரைகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்பத்து நான்கு குதிரைகள் போய்விட்டன, அண்ணா. முனகியும் போய்விட்டாள். வயிற்றுப் பட்டையை இறுக்கியதும் வழக்கம்போல் ஒரு முனகல் முனகினாள். "என்னப்பா, பட்டாளத்துக்கு வர இஷ்டமில்லைங்குதா?" என்று அந்த ஆள் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சீமாட்டி இருக்கிறாள். மூன்றாவது கொட்டடியில் இல்லை, கடைசியில் இருக்கிறாள். டிராமிலிருந்து எடுத்து அவளைத் தீவன வண்டியில் பூட்டியிருக்கிறார்கள். அதில் அவளுக்குப் பெரிய அவமானம். நீ சொன்னதைச் செய்துவிட்டேன். எப்படி என்று மட்டும் கேட்காதே.

நாற்பத்து நான்கு வாளிகள் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கின்றன. அப்பா நேற்று முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "சத்தமே இல்லையேம்மா."

உன் தங்கை


மலைச்சாலை முகாம்
ஜூன் 3

அடி ஆணிவாய்,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றால் விழுந்துவிடுவாய்.

போன வாரம் கப்பலில் இருந்து குதிரைகள் வந்தன. நான் வரிசையில் நின்று ஒன்றை வாங்கிக்கொள்ளப் போனேன். பின்னால் யாரோ ஒரு குதிரைக்குச் சேணம் இறுக்குகிறான். ஒரு முனகல். இந்த உலகத்தில் அந்த மாதிரி முனகுகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். திரும்பிப் பார்த்தால், நம்முடைய முனகி!

சண்டை போட்டு அவளை எனக்கு வாங்கிக்கொண்டேன். வாயிலிருந்த வெல்லத்தைக்கூடத் துப்பி அவளுக்குக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவன், "ஏம்பா, ஓடிப்போன பொண்டாட்டி கிடைச்ச மாதிரி அழுவுற?" என்று கேட்டான். அழவில்லை, தூசி.

பிறகுதான் குளம்பைப் பார்த்தேன். முப்பத்தேழு! அது சீமாட்டியின் எண் அல்லவா? முனகி முப்பத்தெட்டு அல்லவா? கொஞ்ச நேரம் யோசித்தேன். கள்ளி! பட்டாளம் முப்பத்தேழைக் கேட்டிருக்கிறது, நீயும் முப்பத்தேழைக் கொடுத்திருக்கிறாய். இரண்டும் ஒரே செம்பழுப்பு, ஒரே உயரம், யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கு இவ்வளவு கெட்டிக்காரத் தங்கை இருப்பது தெரியாமல் போயிற்றே. ஒன்று மட்டும் புரியவில்லை. முப்பத்தெட்டை ஏன் வேண்டாம் என்றார்கள்? முனகுகிற குதிரைக்குப் பட்டாளத்தில் இடமில்லை என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறதா?

இவளுடைய முனகல் நம் வண்டிக்கே பேர் வாங்கிக் கொடுத்துவிட்டது. படுத்து வருகிறவர்கள், "எங்களைவிட உன் குதிரைக்குத்தான் வலி அதிகம்போல" என்கிறார்கள்.

நான் ஏறி ஓட்டுவது இவளைத்தான். டிராமில் வலதுபக்கம் ஓடியவளை இடதுபக்கம் பழக்குவது கஷ்டம் என்று நினைத்தேன். இரண்டே நாளில் பழகிவிட்டாள். சாலை ஒரு வண்டியும் பாதியும் போகிற அகலம். மேலே போகும்போது இடதுபக்கம் மலை. ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இடதுபக்கம் வெறும் பள்ளம், எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அறிமுகமில்லாத குதிரையின் மேல் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தோரம் போவதற்கு எனக்குத் தைரியமில்லை. இவள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போவேன்.

ஒரு புதுப் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. அடிக்கடி கழுத்தை இடதுபக்கமே திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அந்தப் பக்கம்தானே சீமாட்டி ஓடுவாள். பாவம், தேடுகிறாள்.

டிராம்காரன்


ஜூன் 24

தங்கச்சிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூன் இருபத்தொன்று, காலை ஒன்பது மணி. நல்ல வெயில். வண்டியில் மூன்று பேர். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். காலில் குண்டு, உயிருக்கு ஆபத்து இல்லை. வழியெல்லாம் எனக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். முகாம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் வண்டிச் சக்கரம் எத்தனை தடவை சுற்றும் என்று.

எதிரே தண்ணீர் வண்டி ஏறி வந்தது. வழிவிட வேண்டும். நான் முனகியை ஓரமாக இடதுபக்கம் ஒதுக்கினேன். இரண்டு முழம் ஒதுங்கினால் போதும். அவள் ஒதுங்கினாள். அங்கே சாலை விளிம்பு உடைந்து ஒரு இடைவெளி போல உள்வாங்கி இருந்தது. அவள் நின்றிருக்க வேண்டும். எந்தக் குதிரையும் நிற்கும். அவள் சந்தேகமே இல்லாமல், லாயத்தில் வைக்கோல் மேல் கால் வைப்பது போல, காற்றில் கால் வைத்தாள்.

நான் சாலை மேல் விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. வலதுபக்கக் குதிரை வார் அறுந்து பிழைத்தது. வண்டி பாதி வழியில் ஒரு பாறையில் சிக்கித் தொங்கியது. இரண்டு பேரை எடுத்துவிட்டோம். வாத்தியார் போய்விட்டார். முனகி அடியில் கிடந்தாள். மேலே நின்ற எங்களுக்கு அவள் முனகல் கேட்டது. ஒருவன் இறங்கிப் போய்ச் சுட்ட பிறகுதான் அது நின்றது.

இங்கே ஒரு விதி இருக்கிறது. குதிரை செத்தால், எண் உள்ள குளம்பை வெட்டி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டியவன் குதிரையை விற்றுவிடவில்லை என்பதற்குச் சாட்சியாக. ஓட்டியவன்தான் வெட்ட வேண்டும். வெட்டினேன். கோணிப்பையில் போட்டு நானே தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். என்ன கனம் தெரியுமா? பார்வைக்குப் பால்செம்பு அளவுதான் இருக்கும்.

எனக்குக் கீறல்கூட இல்லாததுதான் அவர்களுக்குச் சந்தேகம். பயத்தில் நான் முன்னதாகவே குதித்து ஓடினேன், ஆளில்லாத வண்டி உருண்டது என்கிறார்கள். "குதிரைக்குப் பள்ளம் தெரியவில்லை" என்று சொன்னேன். காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். எண் முப்பத்தேழு, வயது எட்டு, இரு கண்ணும் குறையில்லை. "பட்டப்பகல்ல, ரெண்டு கண்ணும் தெரியுற குதிரை, தானாப் பள்ளத்துல போய் விழுமா? யாருகிட்ட கதை விடுற?" என்று கேட்டார் அதிகாரி. அது முப்பத்தேழு இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உன்னை நினைத்து விழுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டு விசாரணை. காயம்பட்டவர்களை விட்டு ஓடியவனுக்கு ஏழு வருஷம் கடுங்காவல். என்னைக் காவலில் வைத்திருக்கிறார்கள்.

கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று எழுது. புத்தகத்தில் முப்பத்தெட்டுக்கு நேரே என்ன எழுதியிருந்தது?

அண்ணன்


ஜூன் 26

அண்ணா,

உன் ஜூன் மூன்று கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் வாசலைத் தாண்டுவதற்குள் இதை எழுதத் தொடங்கிவிட்டேன். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைச் செய். முனகியை இன்றே வலதுபக்கம் மாற்று. இதைப் படித்து முடிக்காமலே எழுந்து போய் மாற்றிவிட்டு வா.

அவளுக்கு இடது கண் தெரியாது.

நீ போன பிறகு வந்த நோய். விட்டு விட்டு வரும். வரும்போது விழி பால்போல வெளுக்கும். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும், பார்த்தால் நல்ல கண் போலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பார்வையை எடுத்துக்கொண்டு போகும். மூன்றாவது தடவையோடு முழுக்கப் போய்விட்டது. உனக்குக் கவலையாக இருக்கும் என்று நான் எழுதவில்லை. டிராமில் அவளுக்கு இடதுபக்கம் சீமாட்டி ஓடியதால் யாருக்கும் தெரியவே இல்லை. சீமாட்டியின் தோள்தான் அவளுக்கு அந்தப் பக்கத்துக் கண். கம்பெனி டாக்டர் மட்டும் பார்த்துப் புத்தகத்தில் முப்பத்தெட்டுக்கு நேரே எழுதி வைத்தார்: இடது கண் குருடு, பட்டாளத்துக்கு ஆகாது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ டிராம்காரன், குளம்பு வேலை உனக்குத் தெரியாது. குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். சுட்ட எண் மெல்ல மெல்ல கீழே இறங்கி, லாடம் மாற்றும்போது அரத்தில் தேய்ந்து போய்விடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே புதிதாகச் சுட வேண்டும். அந்த முறை ஏப்ரலில் வந்தது. அப்பாவுக்கு மணிக்கட்டு முடியாததால் இரும்பைப் பிடிப்பது நான், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது அவர். பழைய எண்களை அரத்தால் வழித்துவிட்டு, முனகிக்கு முப்பத்தேழும் சீமாட்டிக்கு முப்பத்தெட்டும் சுட்டேன். ஐந்து நிமிஷ வேலை. அப்பா குளம்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். என் வேலையை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

பட்டாளம் பெரியது, அவள் எங்கோ சமவெளியில் தீவன மூட்டை இழுப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் மேல் யாராவது ஏறி உட்காருவார்கள் என்று நினைக்கவில்லை. அது நீயாக இருப்பாய் என்று நினைக்கவே இல்லை.

சீமாட்டியைத் தேடி அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணா. நல்ல கண்ணால் பள்ளத்தைப் பார்க்கத்தான் திரும்புகிறாள்.

மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

தங்கை


ஜூலை 20

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. மாற்றச் சொல்லியிருந்தாய். படித்து முடிக்காமலே எழுந்து போகச் சொல்லியிருந்தாய். காவலறையில் எழுந்து நின்றேன். எங்கே போவது?

நான் சீமாட்டியை ஒளித்து வை என்று கேட்டேன். தப்புதான். ஆனால் கண் தெரியாத ஒன்றை நல்ல கண் என்று முத்திரை குத்தி இன்னொருவன் தலையில் கட்டச் சொன்னேனா? அந்த இன்னொருவன் நானாக இல்லாமல் இருந்திருந்தால் உனக்குச் சரியா? இதை உன்னிடம் நேரில் கத்த வேண்டும் போல இருக்கிறது.

'மற்ற எதை வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும், முனகியைக்கூட' என்று எழுதியவனும் நான்தான். அதுவும் ஞாபகம் இருக்கிறது. மறக்கவில்லை.

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். உனக்காக இல்லை. புத்தகத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். எனக்கு வயது இருபது, ஏழு வருஷம் போனாலும் இருபத்தேழு. அவரால் தாங்க முடியாது. நீ வாயைத் திறக்காதே. எனக்கு எழுதவும் எழுதாதே.

வாத்தியாருக்கு மனைவி இருக்கிறார். அவருடைய கண்ணாடி என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம்தான் உடைந்திருக்கிறது.


ஜூலை 21

அண்ணா,

ஜூன் இருபத்துநான்கில் நீ எழுதியது பதினெட்டாம் தேதி வந்தது. அப்பா பட்டறையில் இருந்தார். அவர் எதிரிலேயே படித்தேன். படித்து முடித்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றுகூட. அவர் எழுந்து கடைசிக் கொட்டடிக்குப் போய், சீமாட்டியின் இடது முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார். "சுத்தமா சுட்டிருக்கே" என்றார். அண்ணா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் அடிபட்டே செத்திருக்கலாம்.

பிறகு சொன்னார்: "கையெழுத்து என்னது. நான் போய்ச் சொல்லிக்கிறேன். நீ உள்ள இரு."

"சுட்டது நான்ப்பா. நீங்க போனா, கிழவன் மகனைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னுதான் சொல்வாங்க. குதிரையை நடத்திக்கிட்டு நானே போறேன்."

இரண்டு பேருமே போனோம். சீமாட்டியையும் கூட்டிக்கொண்டு, நகரத்தின் நடுவே, பட்டாள அலுவலகத்துக்கு. உள்ளே ஏப்ரலில் வந்த அதே பட்டாளக் குதிரை டாக்டர். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"அண்ணன்காரன் மாட்டிக்கிட்டான், இப்ப புதுசா ஒரு கதையா? போம்மா."

"ஐயா, முப்பத்தெட்டுக்குக் கண்ணு தெரியாதுன்னு கம்பெனிப் புத்தகத்தோட உங்க நகல்லயே இருக்கு. எடுத்துப் பாருங்க."

பார்த்தார். "இருக்கு. அதுக்கு?"

"இது முப்பத்தெட்டு. குளம்பைப் படிங்க. அப்புறம் அதோட இடது கண்ணு முன்னால கையை ஆட்டுங்க."

சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். குனிந்து எண்ணைப் படித்தார். கையைக் கண்ணுக்கு நேரே சட்டென்று கொண்டுபோனார். சீமாட்டி கண்ணை இமைத்துத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை ஆட்டினார். இமைத்தாள். மூன்றாவது தடவை அவருடைய தொப்பியைக் கவ்விக் கீழே போட்டாள். அவர் அதை எடுக்கவில்லை. ஏப்ரலில் அவர் நிமிர்ந்து பார்க்காத குதிரைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

என் வாக்குமூலத்தை மூன்று பிரதி எடுத்தார்கள். டாக்டர் தன் சான்றையும் சேர்த்தார். தந்தி அன்றைக்கே போய்விட்டது. பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் அது உன் அதிகாரி மேசையில் இருக்கும். என்னை எப்போது கூப்பிடுவார்களோ, என்ன செய்வார்களோ தெரியாது. கம்பெனி அப்பாவை அன்று மாலையே நிறுத்திவிட்டது. பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். கைப்பெட்டியைத் தூக்க முடியாமல் என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், "சாப்பிடு" என்றார்.

சீமாட்டியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அவளுடைய முப்பத்தேழாம் எண்ணை மறுபடி சுடலாமா என்று கேட்டேன். முடியாதாம். முப்பத்தேழு செத்துவிட்டது, குளம்பு ஒப்படைத்தாகிவிட்டது என்றார்கள். கப்பலில் ஏற்றும்போது ஏதோ ஒரு எண் போடுவார்கள். அது என்ன எண் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான்தான் இப்போது உடைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால், நேற்று, அவர்கள் முற்றத்திலேயே அவளுக்கு லாடம் கட்டினேன். நான்கு காலுக்கும். என் பழக்கம் உனக்குத் தெரியும். உள்பக்கம் கடைசித் துளையில் ஆணி அடிக்காமல் விடுவேன், அப்பா எத்தனை தடவை திட்டியும். பட்டாள லாடக்காரர்கள் எல்லாத் துளையிலும் அடிப்பார்கள். எண்ணை நான் பொய்யாக்கினேன். அந்தக் காலித் துளை பொய் சொல்லாது, அதை வைத்து அவளைத் தேடு. ஒரு லாடம் ஆறு வாரம் தாங்கும்.

வாத்தியாரின் வீட்டு விலாசம் தெரிந்தால் அனுப்பு. நீ எழுத வேண்டாம். நான் எழுத வேண்டியது.

தங்கை


துறைமுக முகாம்
ஆகஸ்ட் 24

ஆணிவாய்க்கு,

பதின்மூன்றாம் தேதி என்னை விட்டுவிட்டார்கள். அதிகாரி உன் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும், "பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். பதினேழு என்றேன். "குதிரையைத் தானே நடத்திக்கிட்டா வந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பேச வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம் உனக்கு இப்போது வந்திருக்கும். அது வருவதற்குள் நீ பேசிவிட்டாய். தபால் மெதுவாக ஓடியதால் நான் வெளியே நிற்கிறேன்.

என் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். இருபத்தொன்றாம் தேதிக் காலை தினமும் திரும்பி வருகிறது. எதிரே அந்தத் தண்ணீர் வண்டி வரும், நான் இடதுபக்கம் ஒதுக்குவேன். உன் மேல் கோபம் வரும்போதெல்லாம் 'முனகியைக்கூட' என்று எழுதிய கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

வாத்தியார் மனைவியின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. நீ எழுது. உன் சொந்தக் கையெழுத்தில், எதையும் மறைக்காமல். கண்ணாடியை நான் தனியாக அனுப்பிவிட்டேன். சக்கரம் எத்தனை தடவை சுற்றும் என்று அவர் கணக்கு முடிக்கவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

அப்பாவிடம் சொல், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று.

மறுபடி வண்டி வேண்டுமா என்று கேட்டார்கள். துறைமுகத்தில் குதிரை இறக்குகிற வேலை கேட்டேன். நேற்று ஒரு கப்பல் வந்தது. நூற்றுப்பத்துக் குதிரைகள். பலகையில் இறங்க இறங்க ஒவ்வொன்றின் காலையும் தூக்கிப் பார்த்தேன். "என்னப்பா, குதிரைக்கு ஜோசியம் பார்க்குறியா?" என்று கேலி பண்ணினார்கள். முதலில் இடது கண்ணுக்கு நேரே கையை ஆட்டுகிறேன். அது இப்போது பழக்கமாகிவிட்டது. அப்படித்தான் இரண்டு கண்தெரியாதவற்றைப் பிடித்தேன், இரண்டுக்கும் காகிதத்தில் நல்ல கண் என்று இருந்தது. அவற்றைத் தனியே கட்டிவைத்து அதிகாரியிடம் சொன்னேன். பிறகு காலைத் தூக்கி உள்பக்கக் கடைசித் துளையைப் பார்க்கிறேன். நூற்றுப்பத்திலும் ஆணி இருந்தது.

வியாழக்கிழமை அடுத்த கப்பல். நீ லாடம் கட்டி ஐந்து வாரம் முடிந்துவிட்டது. இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

டிராம்காரன்